பிரேக் பெடலை மிதித்துப் பிடித்தால் மெல்ல இறங்குகிறது, ஆயில் குறையவில்லை

மலைப்பாதை:
வணக்கம் அண்ணன்மாரே. 2008 மாடல் பிக்கப். முன்னால் டிஸ்க், பின்னால் டிரம். தாண்டிக்குடியிலிருந்து சௌசௌ மூட்டை ஏற்றி வத்தலக்குண்டுக்கு வாரம் மூன்று நடை. போன செவ்வாய் கொண்டை ஊசி வளைவில் பஸ்ஸுக்கு வழிவிட நின்றேன். பெடலை மிதித்தபடியே இருக்க, கால் மெல்ல மெல்ல இறங்கித் தரையைத் தொட்டது. வண்டி முன்னால் நகர்ந்துவிட்டது. ஹேண்ட் பிரேக் காப்பாற்றியது. காலை எடுத்து மறுபடி மிதித்தால் பெடல் மேலே நிற்கிறது. பிரேக் பைப்பில் சிக்கிய காற்றை வெளியேற்ற இரண்டு தடவை ஏர் எடுத்தும் அப்படியேதான். எதை மாற்றுவது?

வைகைக்கரை:
பின் டிரம்மைக் கழற்றி, பிரேக் ஷூவை டிரம்மில் அழுத்தும் வீல் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்கிப் பாருங்கள். ஈரம் இருந்தால் அதுவும் போச்சு.

பழைய ஸ்பேனர்:
தம்பி, முதலில் லோடு ஏற்றுவதை நிறுத்துங்கள். ஏர் இருந்தால் பெடல் பஞ்சு மாதிரி அமுங்கும். பிடித்த பிடியில் இறங்குகிறது, வெளியே கசிவும் இல்லை என்றால், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக மாற்றும் மாஸ்டர் சிலிண்டர்தான். உள்ளே பிஸ்டன் வாஷர் தேய்ந்து, அழுத்தம் தாங்காமல் ஆயிலைப் பின்பக்கம் விடுகிறது. அது ஆயில் டப்பாவுக்கே திரும்புவதால் அளவு குறையாது.

சந்தேகம் இருந்தால் மாஸ்டரில் வரும் பைப்புகளைக் கழற்றி, அதே மரையுள்ள பிளக் போட்டு அடைத்து மிதியுங்கள். அப்போதும் இறங்கினால் வேறெங்கும் தேட வேண்டாம்.

வாஷர் கிட் மட்டும் போட்டால் போதும் என்பார்கள். மாஸ்டரின் உள்சுவரில் நகம் வைத்துத் தடவுங்கள். துருக்குழி தட்டினால் புது வாஷரையும் அது அறுத்துவிடும். மலை இறங்கும் வண்டிக்கு நான் முழு மாஸ்டரைத்தான் போடுவேன். எந்தக் காரணத்துக்கும் பெட்ரோல், டீசல் விட்டுக் கழுவ விடாதீர்கள், ரப்பர் உப்பிப்போகும். பிரேக் ஆயிலாலேயே கழுவ வேண்டும்.

மாட்டுவதற்கு முன் வைஸில் பிடித்து மாஸ்டரில் ஏர் எடுத்துவிடுங்கள். அப்புறம் சக்கரங்களில் இந்த வரிசையில் ஏர் எடுங்கள்: பின் இடது, பின் வலது, முன் இடது, முன் வலது. பழைய ஆயில் ஒரு சொட்டும் வேண்டாம். டாட் 4 தரப் பிரேக் ஆயில் புதிதில் 230 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் இழுத்தபின் 155-லேயே கொதிக்கலாம். நீண்ட இறக்கத்தில் அந்தச் சூடு வரலாம்.

மலைப்பாதை:
அண்ணே, சொன்னபடி புது மாஸ்டர் போட்டாச்சு. பழையதில் குழி கையில் தட்டியது. பெடல் இப்போது இறங்கவில்லை. ஆனால் பின் இடது சக்கரத்தில் ஏர் எடுக்கும் நிப்பிள் ஒடிந்துவிட்டது, வீல் சிலிண்டரும் கசிந்து ஷூ ஆயிலில் ஊறியிருக்கிறது. ஷூவைத் தேய்த்து எடுத்தால் ஆகுமா?

பழைய ஸ்பேனர்:
ஆகாது தம்பி, லைனிங் ஆயிலைக் குடித்துவிட்டது. வீல் சிலிண்டரைப் புதிதாகப் போடுங்கள். ஷூ இரண்டு பக்கமும் மாற்றுங்கள், ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் வண்டி இழுக்கும். வெறும் வண்டியைச் சமதரையில் ஓட்டிப் பார்த்த பிறகு மலை ஏறுங்கள்.