கணினி இல்லாமல், டேப்லெட்டும் கிளவுடும் மட்டும் வைத்து 4,000 மின்நூல்களை ஒழுங்குபடுத்துவது எப்படி?

உச்சிப்புளி வாசகி

எல்லாருக்கும் வணக்கம். உச்சிப்புளிக்குப் பக்கத்தில் ஓர் ஊர்ப்புற நூலகத்தில் வேலை பார்க்கிறேன். எங்கள் அலமாரியில் இல்லாததைக் கேட்டு வருகிறவர்களுக்காகச் சொந்த முயற்சியில் மின்நூல் சேர்க்கத் தொடங்கினேன். மதுரைத் திட்டம், ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸ், தமிழிணைய மின்னூலகம், ஈழத்து ‘நூலகம்’ தளம், மண்டபத்தில் மையம் வைத்திருக்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் வெளியீடுகள் என்று சேர்ந்து 4,000 கோப்புகளைத் தாண்டிவிட்டது. அளவு 70 ஜிபிக்கு மேல்.

கணினி கிடையாது, இப்போதைக்கு வாங்கும் நிலையும் இல்லை. 64 ஜிபி ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒன்று, கூகுள் டிரைவில் 100 ஜிபி இடம். அவ்வளவுதான் என் கையிருப்பு.

பாதிக் கோப்புகளுக்குப் பெயர் என்று சொல்ல எதுவுமே இல்லை. மதுரைத் திட்டத்தின் முதல் நூல் திருக்குறள். ஆனால் கோப்புப் பெயரில் ‘பிஎம்’ என்ற இரண்டு எழுத்தும் ஓர் எண்ணும்தான். ‘குறள்’ என்று தேடினால் எப்படி வரும்? வேதாளையிலிருந்து பாசி எடுக்கிற அக்கா ஒருவர் வந்து, பாசி வளர்ப்பு பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். நான் துழாவிக்கொண்டே இருந்தேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அவர் கிளம்பிவிட்டார். கேட்கிறவர் நிற்கும்போதே எடுத்துக் கொடுக்க வேண்டும். அதற்கு வழி சொல்லுங்கள்.

நவபாஷாணக் கரை

இதற்கென்றே இருக்கிற மென்பொருள் காலிபர்தான் மேடம். ஆனால் அது விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றில்தான் ஓடும், ஆண்ட்ராய்டில் கிடையாது. பழைய லேப்டாப் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைத்தால் வாங்கிவிடுங்கள். இத்தனை நூல்களை டேப்லெட்டில் கட்டி மேய்ப்பது கஷ்டம்.

கொண்டல், கீழக்கரை

தங்கச்சி, லேப்டாப் இல்லாமலேயே முடியும். துபாயிலிருந்து ஊர் திரும்பிய பிறகு எனக்கும் டேப்லெட் மட்டும்தான். என்னிடம் இருப்பவை பெரும்பாலும் அரபுத்தமிழ்ப் (அரபு எழுத்தில் எழுதிய தமிழ்) பழைய நூல்களின் ஸ்கேன்கள். ஒவ்வொன்றும் கனமான கோப்பு. அதனால் இதைப் பற்றி நிறைய யோசித்திருக்கிறேன்.

ஒரே ஒரு விஷயத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஒழுங்கு என்பது கோப்பின் பெயரிலேயே இருக்க வேண்டும், எந்த ஆப்பிலும் இருக்கக் கூடாது. வாசிப்பு ஆப்பில் நாம் போடுகிற அலமாரி, குறிச்சொல், நட்சத்திரம் எல்லாம் பெரும்பாலும் அந்த ஆப்புக்குள்ளேயே கிடக்கும். ஆப்பை மாற்றினாலோ டேப்லெட் போய்விட்டாலோ அந்த உழைப்பும் அதோடு போய்விடும். பெயர் அப்படியல்ல, கோப்பு போகும் இடமெல்லாம் கூடவே போகும்.

பெயர் மாற்றுவதற்காக நூலை இறக்கவே வேண்டாம். டிரைவ் ஆப்பிலேயே கோப்புக்குப் பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு மாற்றலாம். டேட்டா செலவு மிகக் குறைவு. என் வரிசை இது: பொருள், ஆசிரியர், தலைப்பு, பதிப்பாண்டு. ‘கடல்பாசி - ஆசிரியர் - தலைப்பு - ஆண்டு’ என்று இருந்தால், ‘பாசி’ என்று அடித்தாலே முன்னால் வந்து நிற்கும். பொருளுக்கு ஒரே சொல்லை உறுதியாக வைத்துக்கொள்ளுங்கள். இன்று ‘மீன்வளம்’, நாளைக்கு ‘மீன்பிடி’ என்று போட்டால் தேடும்போது பாதிதான் கிடைக்கும்.

பெயரைத் தமிழிலேயே வைப்பது நல்லது. ஆனால் நீளத்தில் கவனம் வேண்டும். டேப்லெட்டின் உள் சேமிப்பில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்ட முடியாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். தமிழில் ஒவ்வொரு குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனியாகக் கணக்கில் சேரும். ‘தொல்காப்பியம்’ நம் கண்ணுக்கு 7 எழுத்து. உள்ளே அது 13 குறியீடு, 39 பைட். ஆக மொத்தம் 85 குறியீட்டுக்குள் பெயர் முடிய வேண்டும். பழைய நூல்களின் தலைப்பு உரையாசிரியர் பட்டங்களோடு ஒரு முழ நீளம் இருக்கும். அதை அப்படியே வைத்தால் டிரைவில் சும்மா இருக்கும், டேப்லெட்டில் இறக்கும்போதுதான் மறுக்கும். காரணம் புரியாமல் இணைப்பைக் குறை சொல்லிக்கொண்டிருப்போம்.

அரபு எழுத்தில் பெயர் வைக்கிறவர்களுக்கு ஒரு சொல்: அது வலமிருந்து இடமாகவும் எண்கள் இடமிருந்து வலமாகவும் ஓடுவதால் ஆண்டும் பாகமும் இடம் மாறித் தெரியும். நான் தலைப்பைத் தமிழ் எழுத்தில்தான் வைக்கிறேன்.

அடுத்தது கிளவுட். மூலப்பிரதி எப்போதும் அங்கே. டேப்லெட்டில் இருப்பது இப்போதைக்குத் தேவைப்படும் நகல் மட்டும். டேப்லெட்டையும் கிளவுடையும் தானாக ஒன்றுபோல் வைக்கும் ஒத்திசைவு ஆப் போட்டால் ‘இருவழி’ என்பதைத் தேர்ந்தெடுக்காதீர்கள். இடம் போதவில்லை என்று டேப்லெட்டில் அழித்தால் கிளவுடிலும் அழிந்துவிடும். டிரைவின் குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும்.

முடிந்தால் நூல்களுக்கென்று தனிக் கணக்கு வையுங்கள். கூகுளில் ஜிமெயில், போட்டோஸ், டிரைவ் மூன்றுக்கும் இடம் பொது. நூல்கள் இடத்தை நிரப்பினாலும், கட்டணம் கட்டாமல் விட்டுப்போனாலும் உங்களுக்கு வரும் மெயிலும் நின்றுவிடும். தனிக் கணக்காக இருந்தால் அந்தத் தொல்லை இல்லை. இரண்டு ஆண்டு தொடாமல் விட்ட கணக்கை அவர்கள் நீக்கிவிடலாம், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

உச்சிப்புளி வாசகி

ரொம்ப நன்றி கொண்டல் காக்கா (அண்ணன்). பைட் கணக்கு இன்றுதான் தெரிந்தது. சில நூல்கள் இறங்காமல் அடம்பிடித்ததற்கு இப்போது காரணம் புரிகிறது.

இன்னும் இரண்டு கேள்வி. சில பிடிஎஃப்களில் எழுத்து தெளிவாகத் தெரிகிறது, உள்ளே தேடினால் ஒரு சொல்கூடச் சிக்குவதில்லை. ஏன்? அப்புறம், 4,000 கோப்புக்கும் ஒவ்வொன்றாகப் பெயர் வைக்க வேண்டுமா?

பாம்பன் பாலத்தடி

அக்கா, நான் விசைப்படகில் போகிறவன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலத்தில் நிறைய வாசிப்பேன், மற்ற நாளில் படகிலும் வாசிப்பது உண்டு. சிக்னல் இல்லாத இடத்தில் வாசிக்கிறவனாக என் பங்குக்குச் சொல்கிறேன்.

டிரைவில் ‘ஆஃப்லைன்’ என்று குறித்தால் போதும் என்று இருந்துவிடாதீர்கள். அந்தக் கோப்பு டிரைவ் ஆப்புக்குள்ளேதான் இருக்கும், வேறு வாசிப்பு ஆப்புக்குக் கண்ணில் படாது. ‘பதிவிறக்கு’ என்று கொடுத்து ஒரு தனிக் கோப்புறையில் போட்டுக்கொள்ளுங்கள். நான் கேஓரீடர் என்ற வாசிப்பு ஆப் வைத்திருக்கிறேன். இலவசம், விளம்பரம் இல்லை. ஸ்கேன் செய்த பக்கத்தைக்கூடத் திரை அகலத்துக்கு வெட்டி அடுக்கிக் காட்டும். சின்னத் திரையில் பழைய நூல் வாசிக்க இதைவிட எனக்கு வேறு அமையவில்லை. டிராப்பாக்ஸோடு நேரடியாகப் பேசும், கூகுள் டிரைவோடு பேசாது. வாசித்த இடத்தை நூலுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்னக் கோப்புறையில் எழுதிவைக்கும். அதனால் முதலில் பெயரைத் திருத்திவிட்டு அப்புறம் இறக்குங்கள். இறக்கிய பிறகு வெளியே போய்ப் பெயர் மாற்றினால் விட்ட பக்கம் தொலைந்துவிடும்.

தனுஷ்கோடிப் பக்கம் போனால் இலங்கை டவர் பிடித்துக்கொள்ளும். ஒத்திசைவு ஆப் இருந்தால் வைஃபையில் மட்டும் ஓடும்படி வைத்து, ரோமிங்கை அணைத்துவிடுங்கள். நம் பக்கத்து உப்புக் காற்றுக்கு சார்ஜர் குத்தும் வாய் சீக்கிரம் கறுத்துப்போகும். காக்கா சொன்ன மாதிரி மூலப்பிரதி மேலே இருந்தால் டேப்லெட் கண்ணை மூடினாலும் நூல் போகாது.

கொண்டல், கீழக்கரை

தம்பி சொன்னதெல்லாம் சரி. பெயர் முதலில், இறக்குவது பிறகு.

தேடல் சிக்காததற்குக் காரணம் பழைய எழுத்துருக்கள். யூனிகோடு பரவுவதற்கு முன்னால் பாமினி, டிஸ்கி போன்றவற்றில் அடித்த கோப்புகள் திரையில் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது வேறு குறியீடு. அவற்றை டேப்லெட்டில் சரிசெய்ய மெனக்கெட வேண்டாம். மதுரைத் திட்டத்தில் அதே நூலுக்கு யூனிகோடு வடிவம் இருந்தால் அதை இறக்கிவிட்டுப் பழையதை நீக்குங்கள். வெறும் ஸ்கேன் என்றால் அது படம்தான், உள்ளே தேட எழுத்து இருக்காது. பெயரையும் பட்டியலையும்தான் நம்ப வேண்டும்.

4,000 என்று மலைக்காதீர்கள், பெயர் வைக்கத் தொடங்கும் முன்பே நிறையக் குறைந்துவிடும். ஃப்ரீ தமிழ் ஈபுக்ஸில் ஒரே நூல் ஈபப், மோபி, ஏ4 பிடிஎஃப், 6 அங்குல பிடிஎஃப் என்று நாலு வடிவில் கிடைக்கும். நீங்கள் நாலையும் எடுத்து வைத்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன். ஈபப்பை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், எழுத்தைப் பெரிதாக்கினால் வரி தானாக மடங்கும். முதியவர்களுக்குக் கொடுக்க அதுதான் தோது.

மீதிக்கு கூகுள் ஷீட்ஸில் ஒரு பட்டியல் தொடங்குங்கள். பொருள், ஆசிரியர், தலைப்பு, எங்கிருந்து எடுத்தது, தேடல் வருமா, டிரைவ் இணைப்பு. ஜிபோர்டு விசைப்பலகையில் மைக்கைத் தொட்டுத் தமிழில் சொன்னாலே எழுதிக்கொள்ளும், தட்டச்சு செய்யத் தேவையில்லை. ஆசிரியர் பெயர்களை மட்டும் ஒருமுறை கண்ணால் பார்த்துத் திருத்துங்கள். ‘எங்கிருந்து’ என்ற பத்தியை விட்டுவிடாதீர்கள். நீங்கள் நூலகத்துக்கு வருகிறவர்களோடு நூலைப் பகிர்கிறவர். நாட்டுடைமையாக்கப்பட்டவை, ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்து உரிமை முடிந்தவை, கிரியேட்டிவ் காமன்ஸ் என்ற பகிர்வு உரிமத்தில் வந்தவை இவற்றை மட்டும் ஒரு கோப்புறையில் போட்டு, ‘பார்க்க மட்டும்’ என்று அனுமதி கொடுங்கள். மற்றவை உங்கள் சொந்த வாசிப்புக்கு.

எங்கே தொடங்குவது என்றால், அகரவரிசையில் தொடங்காதீர்கள். உங்கள் நூலகத்தில் ஆள்கள் கேட்கிற பொருளில் தொடங்குங்கள். பாசி, சங்கு, மீன் வகைகள், போட்டித் தேர்வு என்று கேள்வி வருகிற வரிசைதான் வேலையின் வரிசை. ஒரு பொருள் முடிந்ததும் அந்தக் கோப்புறையை மட்டும் டேப்லெட்டில் இறக்கி வைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பாசி வளர்ப்புக் கோப்புகளின் பெயர்களை இங்கே போடுங்கள், முதல் சிலவற்றுக்கு நானே பெயர் அமைத்துக் காட்டுகிறேன்.