காந்தி கணக்குக்கு இங்கிலீஷில் என்ன? பி.இ.சி. எழுதிய அனுபவம்

கேம்பிரிட்ஜின் பிசினஸ் இங்கிலீஷ் தேர்வான பி.இ.சி.யில் நான் வான்டேஜ் நிலை எழுதியது 2019ல், இன்ஜினியரிங் மூன்றாம் வருடத்தில். தாம்பரம் பக்கம் எங்கள் கல்லூரியில் பெயர் கொடுத்தவர்களுக்கெல்லாம் ஒரு ஜெராக்ஸ் கட்டு தந்தார்கள். ஏ முதல் இசட் வரை பிசினஸ் வார்த்தைகள், எதிரே ஒரு வரியில் அர்த்தம். பீச் டிரெயினில் போக வர அதையே மனப்பாடம் செய்தேன். 'டி' வரிசைக்கு வந்தபோது 'ஏ' வரிசை மறந்துபோயிருந்தது.

மாதிரித் தேர்வில், மூன்று இன்வாய்ஸ் இன்னும் 'அவுட்ஸ்டாண்டிங்' என்று ஒரு வாக்கியம் வந்தது. 'மிகச் சிறப்பானது' என்று குறித்துவிட்டேன். அங்கே அதற்கு அர்த்தம் 'இன்னும் பணம் வராமல் நிற்பது'. வீட்டில் அந்தத் தாளைப் பார்த்த அப்பா, "இது தெரியாதாம்மா? சனிக்கிழமை ஆனா நான் போடுறது அவுட்ஸ்டாண்டிங் லிஸ்ட்தானே" என்றார். அவர் படித்தது பத்தாவது வரை, தமிழ் மீடியம். பாரிமுனை ஆண்டர்சன் தெருவில் ஒரு பேப்பர் கடையில் கணக்கு எழுதுகிறார்.

அடுத்த சனிக்கிழமை நானும் கடைக்குப் போனேன். அப்பா ஒரு பில் நகலை எடுத்து வைத்துக்கொண்டு விரலால் தொட்டுத் தொட்டுச் சொன்னார். 70 ஜிஎஸ்எம் மேப்லித்தோ பேப்பர், 20 ரீம், 30 நாள் கிரெடிட். 30 நாளுக்குள் வந்தால் சரி, தாண்டினால் ஓவர்டியூ. பாதி கொடுத்தால் மீதி பேலன்ஸ். லிஸ்டில் ஒரு அச்சகத்தின் பெயருக்கு எதிரே பென்சிலால் 'கா.க.' என்று எழுதியிருந்தது. கேட்டேன். "காந்தி கணக்கும்மா. அந்த பார்ட்டி கடையை மூடிட்டுப் போயாச்சு. இனி வராது" என்றார். அந்த நிமிடம் எனக்கு இரண்டு வார்த்தை புரிந்தது: வராத கடன் 'பேட் டெட்', அதைக் கணக்கிலிருந்து தள்ளுவது 'ரைட் ஆஃப்'. அர்த்தம் படித்து நான்கு முறை மறந்தவை. இன்றைக்கும் மறக்கவில்லை.

ஜெராக்ஸ் கட்டை ஓரமாக வைத்துவிட்டு ஒரு நோட்டு போட்டேன். அகரவரிசை வேண்டாம், சரக்கு போகிற வழியிலேயே வார்த்தைகளும் போகட்டும் என்று எழுதினேன். விசாரிப்பது, கொட்டேஷன் கேட்பது, ஆர்டர் கொடுப்பது, டெலிவரி, இன்வாய்ஸ், ரிமைண்டர், பணம் வருவது. ஒவ்வொன்றையும் அதற்குரிய வினையோடு சேர்த்தே எழுதினேன்: 'பிளேஸ் அன் ஆர்டர்', 'செட்டில் அன் இன்வாய்ஸ்', 'மீட் எ டெட்லைன்'. ரீடிங் நான்காம் பகுதியில் கோடிட்ட இடங்களில் பெரும்பாலும் இந்த ஜோடிகளைத்தான் சோதிக்கிறார்கள். தனி வார்த்தை தெரிந்து பயனில்லை.

நம் ஊர் ஆபீஸ் இங்கிலீஷ் பற்றியும் சொல்லியாக வேண்டும். ரீடிங் ஐந்தாம் பகுதியில் 12 வரி இருக்கும், சில வரிகளில் தேவையில்லாத ஒரு வார்த்தையைச் செருகியிருப்பார்கள். அதைக் கண்டுபிடிக்க வேண்டும். நாம் 'டிஸ்கஸ் அபௌட்' என்றே பேசிப் பழகியதால் அந்த 'அபௌட்' கண்ணில் படவே படாது. தேதியை முன்னால் கொண்டுவருவதற்கு 'ப்ரிபோன்' என்பது நமக்குத்தான் இயல்பான வார்த்தை, அங்கே 'பிரிங் ஃபார்வர்ட்'. 'அரியர்' என்றதும் நமக்கு ஃபெயிலான பேப்பர்தான் நினைவுக்கு வரும். தேர்வில் அது வாடகை மாதிரி கட்டாமல் நிற்கிற பாக்கி. இவற்றைத் தவறு என்று நான் நினைக்கவில்லை. இரண்டு ஊர் வழக்கு, இரண்டும் தெரிந்திருக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஸ்பீக்கிங்கில் பெரும்பாலும் இரண்டு இரண்டு பேராக உள்ளே அனுப்புவார்கள், மொத்தம் 14 நிமிடம். கேள்வி கேட்க ஒருவர், மதிப்பெண் போட ஒருவர். மூன்று தலைப்பில் ஒன்றை எடுத்து, ஒரு நிமிடம் யோசித்து, ஒரு நிமிடம் பேச வேண்டும். என் தாளில் சப்ளையரைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு தலைப்பு இருந்தது. ஆண்டர்சன் தெருவை நினைத்துக்கொண்டு பேசினேன். விலை குறைவாக இருந்தாலும் சொன்ன தேதிக்கு லோடு வராவிட்டால் டிசம்பரில் காலண்டர், டைரி போடுகிற பார்ட்டிகள் வேறு கடைக்குப் போய்விடுவார்கள் என்றேன். ஜோடியாக வந்த பெண்ணுக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது. அவள் பேசும்போது குறுக்கிடாமல், "நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்" என்று கேட்டுக் கேட்டுப் பேச்சை அவள் பக்கம் தள்ளினேன். சேர்ந்து பேசுவதற்கும் மதிப்பெண் உண்டு.

அம்பத்தூர்வாசி (பின்னூட்டத்தில்): எனக்கு இதே மாதிரி 'டர்ன்ஓவர்' தடுக்கியது. விற்றுமுதல் என்று மட்டுமே தெரியும். லிஸனிங்கில் 'ஸ்டாஃப் டர்ன்ஓவர்' அதிகம் என்றதும் ஏதோ நல்ல செய்தி என்று எடுத்துக்கொண்டேன். ஆட்கள் வேலையை விட்டு விட்டுப் போகிறார்கள் என்பது பிறகுதான் புரிந்தது. ஒரு சந்தேகம், ரைட்டிங்கில் பணம் கேட்டு எழுதும் கடிதத்துக்கு எப்படித் தயார் செய்தீர்கள்? எனக்கு அது எப்போதும் சண்டை போடுகிற மாதிரியே வருகிறது.

நான்: அப்பா போனில் வசூலுக்குப் பேசுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். எடுத்ததும் பணத்தைக் கேட்க மாட்டார். "சரக்கு நல்லபடியா வந்துச்சா சார்?" அப்புறம் பில் நம்பர், தேதி, தொகை. கடைசியில் "கொஞ்சம் பார்த்துப் பண்ணிவிடுங்க சார், வெள்ளிக்கிழமை பையனை அனுப்பவா?" அந்த வரிசையையே வைத்துக்கொண்டேன். 'பார்த்துப் பண்ணிவிடுங்க' என்ற இடத்தில் 'வீ வுட் பீ கிரேட்ஃபுல் இஃப்' என்று தொடங்கினேன். 'வெள்ளிக்கிழமை' என்ற இடத்தில் 'பை ஃப்ரைடே' போட்டேன். தேர்வில் கேட்கிற 120லிருந்து 140 வார்த்தைக்குள் சரியாக அடங்கியது.