தூக்க மாத்திரையால் விரல் மரத்துப்போனவர்கள் இருக்கிறீர்களா?

கூடலூர்க்காரன் (தேனி)

தினமும் குமுளி ஏறி வண்டன்மேடு பக்கம் ஏலக்காய் ஸ்டோருக்கு வேலைக்குப் போகிறவன் நான். ராத்திரி தூக்கத்துக்கு அல்பிரசோலம் 0.5 மி.கி. மாத்திரை, இரண்டு வருஷமாக. போன ஆடியில் மாத்திரை தீர்ந்துபோனது, டாக்டர் சீட்டு வீட்டில் மாட்டிக்கொண்டது. குமுளி மருந்துக்கடையில் சீட்டு இல்லாமல் தர முடியாது என்றார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அது ஷெட்யூல் எச்1 மருந்து, சீட்டு இருந்தால்தான் விற்கலாம், விற்றதைத் தனி நோட்டில் எழுதி மூன்று வருஷம் வைத்திருக்க வேண்டும். சரி, இந்தச் சாக்கில் விட்டுவிடுவோம் என்று நானாகவே நிறுத்திவிட்டேன்.

மூன்றாம் நாள் காலை. பருமன் பார்த்துப் பிரிக்கிற 8 மி.மீ. சல்லடையில் நின்ற ஏலக்காயை அள்ளி, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டிவிரலுக்கும் நடுவில் உருட்டிப் பார்க்கிறேன். காய் உருளுவது கண்ணுக்குத் தெரிகிறது, விரலுக்குத் தெரியவில்லை. பஞ்சைப் பிடித்த மாதிரி இருந்தது. கொஞ்ச நேரத்தில் முழங்கை வரை எறும்பு ஊர ஆரம்பித்தது. தகரக் கூரையில் மழை விழுகிற சத்தம் தலைக்குள்ளேயே விழுந்தது. பக்கத்தில் ஒருவர் தராசுத் தட்டைக் கீழே வைத்ததற்கு நான் துள்ளிவிட்டேன். யாருக்காவது இப்படி ஆனதா?

செங்கோட்டை மகள்

எனக்கில்லை, அம்மாவுக்கு. தூக்க மருந்தும் வேறு, சோல்பிடெம் 10 மி.கி. அம்மாவுக்கு வயது 66.

ராத்திரி இரண்டு மணிக்கு அடுக்களையில் வெளிச்சம் தெரிந்தது. போய்ப் பார்த்தால் அடுப்பு எரிகிறது, தோசைக்கல் புகைகிறது. அம்மா குடத்துத் தண்ணீரைக் கரண்டியில் மோந்து கல்லில் ஊற்றி, மாவு மாதிரி வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கண் திறந்துதான் இருந்தது. "என்னம்மா பண்றே?" என்றேன். "அப்பாவுக்கு டிபன். தென்மலை பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றாள். அப்பா போய் ஒன்பது வருஷம் ஆகிறது. இடது கை கல்லின் ஓரத்தில் பட்டுக்கொண்டிருந்தது, அவள் எடுக்கவே இல்லை. நான்தான் பிடித்து இழுத்தேன்.

காலையில் கொப்புளத்தைப் பார்த்துவிட்டு, "இது எப்படிடீ சுட்டது?" என்று என்னையே கேட்டாள்.

பெண்களின் உடம்பிலிருந்து இந்த மருந்து மெதுவாகத்தான் வெளியேறும் என்று அமெரிக்காவில் 2013-லேயே பெண்களுக்கான அளவை 10-லிருந்து 5 ஆகக் குறைத்துவிட்டார்கள். தூக்கத்தில் எழுந்து நடப்பது, சமைப்பது, வண்டி ஓட்டுவது எல்லாம் நடக்கிறது என்று 2019-இல் கட்டம் கட்டி எச்சரிக்கையும் போட்டார்கள். எழுதிக் கொடுத்தவர் இதில் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று எனக்கு இன்றும் ஆறவில்லை.

களியக்காவிளை மெஸ்

எனக்கு எஸ்சோபிக்ளோன். விரலுக்கு ஒன்றுமில்லை, நாக்குக்குத்தான். காலையில் எழுந்தால் செப்புக்காசை வாயில் அடக்கிக்கொண்ட மாதிரி இருக்கும், மத்தியானம் வரை போகாது. சாளைக் குழம்புக்கு உப்புப் பார்க்க முடியாமல் பதினோரு நாள் என் வீட்டுக்காரியைப் பார்க்கச் சொன்னேன். டாக்டர் மருந்தை மாற்றினார், சரியாகிவிட்டது.

கொழிஞ்சாம்பாறை வாத்தியார்

கூடலூர்த் தம்பி, எல்லாப் பழியையும் தூக்க மாத்திரை மேல் போட வேண்டாம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வேலந்தாவளம் சந்தையில் ஒரு கால் செருப்பு கழன்றது தெரியாமல் காய்கறி வரிசை முழுக்க நடந்திருக்கிறேன், பின்னால் வந்த பையன் எடுத்துக் கொடுத்தான். கடைசியில் பார்த்தால் காரணம் மெட்ஃபார்மின். சர்க்கரைக்கு அதை ஒன்பது வருஷம் சாப்பிட்டதில் வைட்டமின் பி12 குறைந்திருந்தது. ஆகவே முதலில் பி12, சர்க்கரை, தைராய்டு மூன்றையும் பாருங்கள். சாயங்காலம் நாலு மணிக்கு மேல் காப்பி வேண்டாம். மத்தியானம் படுக்காதீர்கள். படுக்கையில் போன் பார்க்காதீர்கள். தூக்கம் வரவில்லையென்றால் புரண்டுகொண்டே கிடக்காமல் எழுந்து வேறு அறையில் உட்காருங்கள், வந்த பிறகு படுங்கள். எத்தனை மணிக்குத் தூங்கினாலும் காலையில் ஒரே நேரத்துக்கு எழுந்திருங்கள். இதையெல்லாம் ஒழுங்காகச் செய்தால் பலருக்கு மாத்திரையே தேவைப்படாது. செங்கோட்டை அம்மணி, வயதானவர்களுக்கு ராத்திரி கொஞ்சம் தடுமாற்றம் இருப்பது சகஜம்தான்.

செங்கோட்டை மகள்

சார், சகஜமில்லை. அந்த மாத்திரையை நிறுத்திய பிறகு அம்மா ஒரு ராத்திரிகூட எழுந்து அடுப்பைத் தொடவில்லை. வயதென்று ஒதுக்கியிருந்தால் வீடு எரிந்திருக்கும்.

கூடலூர்க்காரன் (தேனி)

வாத்தியார் ஐயா, எனக்குச் சர்க்கரை கிடையாது. பி12 தேனியில் பார்த்தாகிவிட்டது, நன்றாகவே இருக்கிறது. நிறுத்திய மூன்றாம் நாள் வந்தது, மறுபடி போட்ட மறுநாள் குறைந்தது. வேறென்ன சொல்வது? டாக்டர் என்னைத் திட்டித்தான் தீர்த்தார். இந்த வகை மாத்திரையைப் பழகிய உடம்பில் சட்டென்று நிறுத்தினால் நரம்பெல்லாம் ஒரேயடியாக முறுக்கிக்கொள்ளுமாம், சிலருக்கு வலிப்பே வந்துவிடுமாம். ஏலக்காய்ச் சல்லடை முன்னால் எனக்கு வலிப்பு வந்திருந்தால் என்று நினைத்தால் இப்போதும் வயிறு கலங்குகிறது.

அவர் சொன்னபடி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைத்தேன். ஏழு மாதம் ஆகிறது, இப்போது 0.25-இல் பாதி. செங்கோட்டை அக்கா, அம்மாவின் கை ஆறிவிட்டதா?

இன்று காலை 8 மி.மீ. குவியலில் 7 மி.மீ. காய் கலந்து கிடந்தது. கண்ணால் பார்க்கவில்லை, விரலுக்குத் தெரிந்தது.

செங்கோட்டை மகள்

ஆறிவிட்டது தம்பி. தழும்பு மட்டும் இருக்கிறது. அது எப்படி வந்ததென்று அம்மாவிடம் இன்னும் முழுசாகச் சொல்லவில்லை.