கிளைடரும் பாராசூட்டும்: என்.டி.ஏ.வில் சேர்ந்தால் இரண்டும் கிடைக்குமா?

கேள்வி: தங்கச்சிமடம் மாணவன்

அனைவருக்கும் வணக்கம். நான் பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல், வேதியியல் படிக்கிறேன். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறவர். உச்சிப்புளி கடற்படைத் தளத்திலிருந்து எழும்பும் விமானங்களைப் பார்த்தே வளர்ந்ததால், புனே அருகே கடக்வாஸ்லாவில் முப்படைகளின் வருங்கால அதிகாரிகளுக்குப் பயிற்சி தரும் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் (என்.டி.ஏ.) சேர வேண்டும் என்று நினைக்கிறேன். அங்கே கிளைடர் ஓட்டுவதும் பாராசூட்டில் குதிப்பதும் எல்லா மாணவர்களுக்கும் கற்றுத் தரப்படுமா, அல்லது தனியாக விண்ணப்பிக்க வேண்டுமா? தொலைவில் உள்ளதைக் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறேன் என்று அம்மா சொல்கிறார். அது தடையாகுமா?

பதில் 1: ஓய்வுபெற்ற விமானப்படை வீரர், மண்டபம்

தம்பி, நீங்கள் ஒன்றாகச் சேர்த்துக் கேட்டிருப்பவை இரண்டு வெவ்வேறு வழிகள். அகாடமியில் விமானப்படைப் பிரிவுக்குத் தேர்வானவர்களுக்கு, மூன்றாண்டுப் பயிற்சியின் பிற்பகுதியில் சூப்பர் டிமோனா என்னும் மோட்டார் கிளைடரில் பறக்கும் பயிற்சி உண்டு. அது தன் எஞ்சினிலேயே மேலெழும்பி, பிறகு எஞ்சினை நிறுத்திவிட்டு மிதக்கக் கூடியது. பாராசூட் அப்படியன்று, அதிகாரியான பிறகு தாமாக முன்வந்து பெயர் கொடுப்பவர்களே ஆக்ராவில் விமானப்படை நடத்தும் பாராசூட் பயிற்சிப் பள்ளிக்குப் போகிறார்கள். அங்கே இரவுக் குதிப்பு ஒன்று உட்பட ஐந்து குதிப்புகளை முடித்தால்தான் மார்பில் சிறகுச் சின்னம் ஏறும்.

நான் குதித்தவன் அல்லன், குதிப்பவர்களுக்குப் பாராசூட் மடித்தவன். நீளமான மேசையில் நைலான் துணியை விரித்து, ஒவ்வொரு மடிப்பிலும் காற்றை வெளியேற்றி, கயிறுகளை முறுக்கில்லாமல் ரப்பர் வளையங்களில் செருகி, முடிவில் பதிவேட்டில் நம் பெயரை எழுதிக் கையெழுத்திட வேண்டும். யார் முதுகில் அது ஏறும் என்று நமக்குத் தெரியாது. யார் மடித்தது என்பது மட்டும் ஏட்டில் இருக்கும். வலையைச் சிக்கில்லாமல் அடுக்கத் தெரிந்த வீட்டுப் பிள்ளைக்கு இதை விளக்கத் தேவையில்லை.

இன்னொன்று: நம் கடற்கரையில் ஏன் கிளைடர் பறப்பதில்லை என்று பலர் கேட்பதுண்டு. வெயிலில் சூடான தரையிலிருந்து எழும் காற்றுதான் கிளைடரைத் தூக்குகிறது. கடற்காற்று குளிர்ந்து, கனத்து வந்து அந்த எழுச்சியை அடக்கிவிடுகிறது. பருந்துகள் நண்பகலில் கரையை விட்டு உள்நிலத்தின் மேல் வட்டமிடுவதைப் பார்த்திருப்பீர்கள்.

பதில் 2: முன்னாள் என்.சி.சி. மாணவி, ராமநாதபுரம்

அதிகாரியாகும் வரை காத்திருக்காமலும் குதிக்கலாம். கல்லூரி என்.சி.சி. (தேசிய மாணவர் படை) தரைப்படைப் பிரிவிலிருந்து ஆண்டுதோறும் சிலரை ஆக்ரா முகாமுக்குத் தேர்ந்தெடுக்கிறார்கள். இடங்கள் மிகக் குறைவு, ஓட்டத்திலேயே பாதிப் பேர் கழிந்துவிடுவார்கள். நான் போனேன். பயிற்சியில் பெரும்பகுதி தரையில்தான்: இரு பாதங்களையும் ஒட்டி, முழங்காலைச் சற்று மடக்கி, பாதம், கெண்டைக்கால், தொடை, இடுப்பு, முதுகு என்று வரிசையாக உருள வேண்டும். ஊரில் கடற்கரை மணலில் பழகியிருந்த எனக்கு அது எளிதாகத் தோன்றியது. ஆனால் மணல் நம் தவறுகளை மன்னித்துவிடும், ஆக்ராவின் கட்டாந்தரை மன்னிக்காது. முதல் நாளே கால்களை அகட்டி விழுந்து கணுக்கால் வீங்கியது. குதிப்பது அதைவிட எளிது: நம் பாராசூட்டின் கயிறு விமானத்துக்குள் உள்ள கம்பியில் கொக்கியிட்டிருக்கும், வெளியே போனதும் அதுவே இழுத்துத் திறந்துவிடும். பிறகு வரும் அமைதியை எழுத எனக்கு வார்த்தை இல்லை.

பதில் 3: ஆசிரியர், கீழக்கரை

அம்மா சொன்னதை முதலில் கவனியுங்கள். விமானம் ஓட்டும் பிரிவுக்குக் கிட்டப்பார்வை சிறிதளவும் கூடாது. தரைப்படைக்கு ஒரு வரம்பு வரை ஏற்பார்கள். என் மாணவன் ஒருவனிடம் பயிற்சி மையம் ஒன்று இதைச் சொல்லாமலே ஓராண்டுக் கட்டணம் வாங்கியது. 900 மதிப்பெண்ணுக்கான எழுத்துத் தேர்வு, 900 மதிப்பெண்ணுக்கான நேர்முகத் தேர்வு என்று எல்லாம் தாண்டிய பிறகு மருத்துவத்தில் நிறுத்தப்பட்டான். விமானிக்கான கணினித் தேர்வும் உண்டு. அதில் ஒருமுறை தவறினால் வாழ்நாளில் மறுவாய்ப்புக் கிடையாது. வினாத்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே வரும் என்பதால், தமிழ்வழியில் படிப்பவர் கணிதச் சொற்களை இப்போதே ஆங்கிலத்தில் பழகிக்கொள்வது நல்லது.

தங்கச்சிமடம் மாணவன்

அனைவருக்கும் நன்றி. நேற்று கண் பரிசோதனை செய்துகொண்டேன். வலது கண்ணில் மைனஸ் 0.75, அதாவது சிறிதளவு கிட்டப்பார்வை என்றார்கள். அதனால் விருப்ப வரிசையில் தரைப்படையை முதலில் எழுதப் போகிறேன். அக்கா, அகாடமியில் இடம் கிடைக்காவிட்டால், கல்லூரியில் இரண்டாம் ஆண்டில் என்.சி.சி.யில் சேர்ந்தால் போதுமா?

முன்னாள் என்.சி.சி. மாணவி

முதல் ஆண்டிலேயே பெயர் கொடுத்துவிடுங்கள், தம்பி. என்.சி.சி.யின் உயர்நிலைச் சான்றிதழான சி சான்றிதழ் மூன்றாம் ஆண்டில்தான் வரும். அது இருந்தால், பட்டம் முடித்த பின் எழுத்துத் தேர்வே இல்லாமல் சென்னை பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமிக்கான நேர்முகத் தேர்வுக்கு விண்ணப்பிக்கலாம். மணலில் மட்டும் பழகாதீர்கள்.