தாதிமை இல்லத்தில் அம்மாவுக்குப் படுக்கைப் புண்: அமைச்சிடம் புகார் சொல்லலாமா?

செம்பவாங்_மகள்

அனைவருக்கும் வணக்கம். அம்மாவுக்கு 81 வயது. பக்கவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. நானும் பணிப்பெண்ணும் சேர்ந்து தூக்கியும் சமாளிக்க முடியாமல் போன ஆண்டு இங்கே சிங்கப்பூரில் ஒரு தாதிமை இல்லத்தில் சேர்த்தோம். மானியத்தில் கிடைத்த இடம். எந்த இல்லம் என்று இங்கே எழுத விரும்பவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பேம்பர்ஸ் மாற்றும்போது நானும் திரைக்குள் நின்றேன். வால் எலும்புக்கு மேலே ஐம்பது காசு அளவுக்குத் தோல் உரிந்திருக்கிறது. கேட்டதற்கு, "நேற்றுதான் வந்தது, மருந்து போடுகிறோம்" என்றார் தாதி. ஆனால் சுற்றிலும் கறுத்துத் தடித்துப் போயிருந்தது. ஒரே நாளில் வந்த புண் மாதிரி தெரியவில்லை. எங்களுக்கு யாரும் ஃபோன் பண்ணிச் சொல்லவும் இல்லை.

இன்னொரு விஷயம். அம்மாவுக்குத் தமிழும் கொஞ்சம் பேச்சு மலாயும்தான் தெரியும். பணியாளர்கள் மியன்மார், பிலிப்பீன்ஸ் பிள்ளைகள். நல்ல பிள்ளைகள், ஓடி ஓடி வேலை செய்கிறார்கள். ஆனால் தண்ணீர்க் குவளையையும் அழைப்பு மணியையும் அம்மாவின் வலப்பக்கத்தில் வைத்துவிட்டுப் போகிறார்கள். வலது கை அசையாது என்பது கோப்பில் இருக்கும்தானே?

புகார் கொடுத்தால் அம்மா மேல்தான் கோபத்தைக் காட்டுவார்கள், பேசாமல் இரு என்கிறார் அண்ணன். எனக்கு இரவில் தூக்கம் வரவில்லை. இந்த இல்லங்களைச் சுகாதார அமைச்சு உண்மையிலேயே வந்து பார்க்கிறதா? முன்கூட்டியே சொல்லிவிட்டு வருவார்களா? யாரிடம் சொன்னால் நடக்கும்?

பிடோக்_ராஜா

அங்கே வைத்திருக்காதீர்கள், வேறு இல்லத்துக்கு மாற்றிவிடுங்கள். என் மாமியாரை அப்படித்தான் மாற்றினோம். இப்போது நன்றாக இருக்கிறார்.

ஓய்வுபெற்ற_தாதி

தங்கச்சி, நான் தாதிமை இல்லங்களில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். சோதனைக்கு வரும் அதிகாரிகள் முன்னால் கோப்புகளோடு நின்றிருக்கிறேன். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் புண். இன்றைக்கே ஃபோன் செய்து, புண் எந்த நிலையில் இருக்கிறது, நீள அகலம் எவ்வளவு, மருத்துவர் எப்போது பார்த்தார் என்று கேளுங்கள். தோல் உரிந்துவிட்டாலே அது இரண்டாம் நிலை, அதற்கு மேலாகவும் இருக்கலாம். காய்ச்சல், சீழ், கெட்ட வாடை இருந்தால் காத்திருக்கக் கூடாது, அன்றே மருத்துவர் பார்க்க வேண்டும். முதல் நிலையில் வெறும் சிவப்புதான் இருக்கும், விரலால் அழுத்தினாலும் வெளுக்காது. நம்மைப் போன்ற கறுத்த தோலில் அந்தச் சிவப்பு கண்ணுக்குத் தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடக் கறுப்பாகவோ சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுத்தான் பார்க்க வேண்டும். பழகாத தாதிகள் இதைத் தவறவிடுவதை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். நம் வீட்டுப் பெரியவர்களுக்குப் புண் வந்த பிறகுதான் "நேற்று வந்தது" என்று எழுதப்படுகிறது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது. அம்மாவின் குதிகால், இடுப்பெலும்பு இரண்டையும் நீங்களே தொட்டுப் பாருங்கள்.

சரி, சோதனை விஷயத்துக்கு வருகிறேன். இல்லம் நடத்த சுகாதார அமைச்சின் உரிமம் வேண்டும். முன்பு 1980ஆம் ஆண்டின் பழைய சட்டம் இருந்தது. 2023 டிசம்பரில் இருந்து தாதிமை இல்லங்கள் சுகாதாரப் பராமரிப்புச் சேவைகள் சட்டத்துக்குள் வந்துவிட்டன. மருத்துவப் பராமரிப்புக்கு இன்னார் பொறுப்பு என்று ஒருவரை ஒவ்வொரு இல்லமும் நியமித்திருக்க வேண்டும். சட்டம் மீறப்பட்டால் அபராதம் விதிக்கலாம், உரிமக் காலத்தைக் குறைக்கலாம், நிறுத்தி வைக்கலாம், ரத்தும் செய்யலாம். இதைத் தவிர 2015 ஏப்ரலில் நடப்புக்கு வந்த மேம்படுத்தப்பட்ட தரநிலைகள் இருக்கின்றன. அவை மருத்துவப் பராமரிப்பை மட்டும் பார்ப்பதில்லை. முதியவர் மரியாதையோடு நடத்தப்படுகிறாரா, அவருக்கென்று தனிப் பராமரிப்புத் திட்டம் இருக்கிறதா, நிர்வாகம் ஒழுங்காக இருக்கிறதா என்பதெல்லாம் அதில் அடக்கம். ஆகவே குவளையை எந்தப் பக்கம் வைப்பது, அம்மாவுக்கு என்ன மொழி புரியும் என்பதும் பராமரிப்புத் திட்டத்தில் வர வேண்டிய விஷயம்தான். தயங்காமல் கேளுங்கள்.

அதிகாரிகள் சொல்லிவிட்டும் வருவார்கள், சொல்லாமலும் வருவார்கள். வந்தால் மருந்துத் தள்ளுவண்டியைத் திறப்பார்கள், சில பேருடைய கோப்பை எடுத்துப் படிப்பார்கள், யாரையாவது கட்டி வைத்திருந்தால் அதற்கு மருத்துவரின் உத்தரவு எங்கே என்று கேட்பார்கள். அவர்கள் எடுக்கும் அந்தச் சில கோப்புகளில் உங்கள் அம்மாவுடையது இல்லாமல் போகலாம். அதனால்தான் குடும்பத்தார் சொல்வது அவ்வளவு முக்கியம் என்கிறேன். எந்தக் கட்டில், எந்த நாள், எத்தனை மணி என்று எழுதி ஒரு புகார் போனால், வருகிறவருக்கு எங்கே பார்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும்.

புரட்டிப் படுக்க வைக்கும் அட்டவணையைப் பார்த்திருக்கிறீர்களா? 2 மணி இடது, 4 மணி வலது, 6 மணி மல்லாந்து என்று கட்டம் போட்டிருக்கும். கட்டில் காலில் தொங்கும், சில இடங்களில் கணினியில் இருக்கும். நீங்கள் நாலரை மணிக்குப் போகும்போது 6 மணிக் கட்டத்திலும் கையெழுத்து விழுந்திருந்தால், அல்லது "வலது" என்று எழுதியிருக்க அம்மா இடப்பக்கம் சாய்ந்திருந்தால், தேதியையும் நேரத்தையும் அங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பேனா, ஒரே கையெழுத்து, இரவு முழுக்க ஒரே சாய்வு. இப்படி ஒரு தாளைக் கண்டால் அதிகாரிகள் அப்படியே நிறுத்திக் கேள்வி கேட்பார்கள்.

அம்மாவின் எடைப் பதிவையும் கேளுங்கள். எடை குறைந்துகொண்டே வந்தால் புண் ஆறாது.

ராஜா தம்பி, மாற்றுவதும் ஒரு வழிதான். ஆனால் மானிய இடம் என்றால் ஒருங்கிணைந்த பராமரிப்பு அமைப்பு, அதாவது ஏஐசி வழியாகத்தான் போக வேண்டும், உடனே கிடைக்காது. அதுவரை இந்தப் புண்ணை யார் பார்ப்பது?

செம்பவாங்_மகள்

அக்கா, ரொம்ப நன்றி. உடனே ஃபோன் செய்தேன். புண் இரண்டாம் நிலையாம், மருத்துவர் இன்னும் பார்க்கவில்லையாம். நேராக அமைச்சுக்கே எழுதிவிடட்டுமா? அம்மாவை வெளியே அனுப்பிவிடுவார்களோ என்ற பயம்தான்.

ஜூரோங்_மணி

பயப்படாமல் எழுதுங்கள். 2011இல் ஓர் இல்லத்தில் மூதாட்டியைப் பணியாளர்கள் மோசமாக நடத்திய காணொளி தொலைக்காட்சியில் வந்து ஊரே கொதித்தது. புதிய நோயாளிகளைச் சேர்க்கக் கூடாது என்று அமைச்சு அந்த இல்லத்தைத் தடுத்தது. வெளியே வந்ததால்தான் நடவடிக்கை.

என் அக்கா மகள் இங்கிலாந்தில் இருக்கிறாள். அங்கே ஒவ்வொரு முதியோர் இல்லத்துக்கும் சோதனை முடிந்ததும் நான்கு தரங்களில் ஒன்றைக் கொடுத்து, அறிக்கையை யாரும் படிக்கும்படி வெளியிடுகிறார்கள். வாசலிலேயே அந்தத் தரத்தை ஒட்டி வைக்க வேண்டும். நம் ஊர் சாப்பாட்டுக் கடைக்குத் தர முத்திரை உண்டு. அம்மா அப்பாவை ஒப்படைக்கும் இடத்துக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நான் மனதாரக் கேட்கிறேன். 2030க்குள் நால்வரில் ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார் என்று அரசாங்கமே சொல்கிறது. இல்லங்களின் படுக்கைகளையும் 31,000க்கு மேல் உயர்த்தப் போகிறார்கள். இத்தனை குடும்பங்கள் எதை வைத்து ஓர் இல்லத்தைத் தேர்ந்தெடுக்கும்?

ஓய்வுபெற்ற_தாதி

மணி அண்ணன் சொல்வது நியாயம். சோதனை அறிக்கையைக் குடும்பங்கள் படிக்க முடிந்தால் நல்ல இல்லங்களுக்கும் அது பெருமைதான்.

தங்கச்சி, முதலில் இல்லத்தின் தாதிமை மேலாளருக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். வாயால் சொல்வது வேலை நேரம் முடிந்து வேறு தாதி வரும்போது காணாமல் போகும். புண்ணைப் பார்த்த தேதி, தாதி சொன்ன பதில், குவளை இருந்த பக்கம் எல்லாவற்றையும் எழுதி, குடும்பக் கூட்டம் வேண்டும் என்று கேளுங்கள். கோபமாக எழுத வேண்டாம். அங்கே இரவு வேலை பார்க்கும் பிள்ளைகள் எத்தனை பேரைப் புரட்ட வேண்டியிருக்கிறது என்பது எனக்குத் தெரியும். மருத்துவர் பார்ப்பதற்கு மட்டும் கூட்டம் வரை காத்திருக்காதீர்கள், நாளைக்கே பார்க்க வேண்டும் என்று தனியாகக் கேளுங்கள்.

பதில் வராவிட்டாலோ மழுப்பினாலோ அந்த மின்னஞ்சலை அப்படியே சுகாதார அமைச்சுக்கு அனுப்புங்கள். தொலைபேசி 6325 9220. ஏஐசி எண் 1800 650 6060, இடம் மாற்றுவது பற்றியும் அவர்களிடமே பேசலாம். அடிப்பது, வேண்டுமென்றே பட்டினி போடுவது போல ஏதாவது கண்ணில் பட்டால் மட்டும் இந்த வரிசையெல்லாம் பார்க்காதீர்கள். வன்முறைக்கு எதிரான தேசிய உதவி எண் 1800 777 0000இல் 24 மணி நேரமும் ஆள் இருப்பார்கள். எளிதில் பாதிக்கப்படக்கூடிய பெரியவர்களுக்கென்று 2018இல் இயற்றிய சட்டம் இருக்கிறது.

அண்ணனின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் நான் வேலை பார்த்த இடங்களில், அடிக்கடி வந்து மரியாதையாகக் கேள்வி கேட்கும் குடும்பத்தின் கட்டிலுக்குத்தான் எல்லாரும் முதலில் போவோம். ஒரே நேரத்தில் போகாமல் ஒரு நாள் காலை, ஒரு நாள் சாப்பாட்டு நேரம் என்று மாற்றி மாற்றிப் போங்கள், அண்ணனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

அப்புறம், ஓர் அட்டையில் தண்ணீர், வலி, கழிப்பறை, குளிர் என்று படம் வரைந்து, கீழே தமிழ் ஒலியை ஆங்கில எழுத்தில் எழுதி, அம்மாவின் இடப்பக்கம் ஒட்டுங்கள். மியன்மார் பிள்ளைகள் ஒரே வாரத்தில் "தண்ணி வேணுமா ஆச்சி" என்று கேட்கப் பழகிவிடுவார்கள், நான் பார்த்திருக்கிறேன்.

செம்பவாங்_மகள்

மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன் அக்கா. மேலாளர் வியாழக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார். மருத்துவர் நாளைக் காலையே பார்ப்பாராம். அண்ணனும் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அட்டவணையையும் எடைப் பதிவையும் காட்டச் சொல்லிக் கேட்கிறேன். கூட்டம் முடிந்ததும் இங்கே எழுதுகிறேன்.