'டெட் லெக்' என்பதற்கு 'ஆறல் நீளம்': வெந்நீர்க் குழாயின் அளவை முன்வைத்து ஒரு பரிந்துரை

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழ்க் கலைச்சொல் தேடும் நம் குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

கும்பகோணத்துக்கு அருகே நாங்கள் கட்டிவரும் வீட்டின் மொட்டை மாடியில் சூரிய வெந்நீர்க்கலன் அமையவிருக்கிறது. அதிலிருந்து கீழ்த்தளக் குளியலறைக்கு இறங்கும் குழாயை அரை இஞ்சில் போடுவதா, முக்கால் இஞ்சில் போடுவதா என்று கணக்குப் பார்த்தபோது, அந்தக் கணக்கின் மையத்தில் இருக்கும் பொருளுக்கே நம்மிடம் பெயர் இல்லை என்பதை உணர்ந்தேன். நேற்றுக் குளித்து முடித்த பிறகு கலனுக்கும் குளியலறைக்கும் இடையில் குழாயிலேயே தங்கிச் சூடு இழந்துவிட்ட நீர் முழுவதும் வெளியேறிய பின்னரே இன்று வெந்நீர் வரும். அந்த நீர் தங்கும் குழாய்ப் பகுதியைத்தான் பொறியாளர்கள் 'டெட் லெக்' (dead leg) என்கிறார்கள்.

முதலில் கலனைப் பற்றி ஒரு சொல். 'கொதிகலன்' என்றால் எங்கள் பக்கத்தில் நெல் அவிக்கும் அரிசி ஆலைதான் நினைவுக்கு வரும். வீட்டுக் கலனில் நீர் கொதிப்பதில்லை. எனவே 'வெந்நீர்க்கலன்' என்றே வைத்துக்கொள்வோம்.

'டெட் லெக்' என்பதற்குக் குழுவில் இதுவரை வந்த பரிந்துரைகளில் 'இறந்த குழாய்' என்பது ஆங்கிலச் சொல்லின் நிழல் மட்டுமே. நிலை வைத்துப் பூசை செய்த வீட்டின் வரைபடத்தில் அப்படி எழுதித் தந்தால் எந்த வீட்டுக்காரரும் ஏற்கமாட்டார். திருவாரூரிலிருந்து எழுதிய அம்மையாரின் 'தேங்குகுழாய்' அழகானதுதான், ஆனால் தேக்கம் என்றதும் நமக்குச் சாக்கடை அடைப்பும் வடியாத வயலும் தோன்றுகின்றன. மேலும், குழாயில் நீர் நிற்பது இங்கே சிக்கல் இல்லை. நின்ற நீர் சூடு இழப்பதுதான் சிக்கல்.

எங்கள் குழாய் வேலைக்காரர், "மொதல்ல பச்சத் தண்ணிதாங்க வரும், கொஞ்சம் விட்டுப் பிடிக்கணும்" என்றார். 'பச்சைத் தண்ணீர்' உயிருள்ள சொல்தான். ஆனால் அது சுடவைக்கப்படாத நீரைக் குறிக்கும். குழாயில் நிற்பதோ ஒருமுறை சூடாகிப் பிறகு ஆறிய நீர். காப்பியும் சோறும் ஆறிப்போவதாக நாள்தோறும் சொல்கிறோமே, அதே வினைதான் இங்கும் பொருந்துகிறது.

அந்த வினையிலிருந்து, குடிநீர், சுடுநீர் போல வினைத்தொகையாக 'ஆறுநீர்' என்று ஆக்கலாமா என்று யோசித்தேன். நதி நீர் 'ஆற்றுநீர்' என்று றகரம் இரட்டித்து வருவதாலும், எண்ணுப்பெயர் 'அறுசுவை' என்பதில் போலக் குறுகுவதாலும், இலக்கணப்படி குழப்பம் இல்லை. ஆனால் பொருள் பட்டியலில் 'ஆறுகுழாய்' என்று எழுதினால் கடைக்காரர் ஆறு குழாய்களை எடுத்துக் கட்டிவிடுவார். ஊறு என்பது ஊறல் ஆவதுபோல ஆறு என்பதை 'ஆறல்' ஆக்கினால் இந்தத் தொல்லை தீர்கிறது.

ஒரு கலைச்சொல் தன் இனச்சொற்களையும் ஈன்று தரவேண்டும். இங்கே நிற்கும் நீர் 'ஆறல் நீர்', அது நிற்கும் குழாயின் நீளம் 'ஆறல் நீளம்', அதில் அடங்கும் நீரின் அளவு 'ஆறல் கொள்ளளவு'. என் வீட்டுக் கணக்கையே இச்சொற்களில் எழுதிப் பார்க்கிறேன். குளியலறைக்கான ஆறல் நீளம் 14 மீட்டர். உள்விட்டம் 20 மி.மீ. என்றால் ஆறல் கொள்ளளவு ஏறத்தாழ 4.4 லிட்டர், 15 மி.மீ. என்றால் 2.5 லிட்டர். நிமிடத்துக்கு 6 லிட்டர் வரத்தில், முதலாவதற்கு 44 நொடியும் அடுத்ததற்கு 25 நொடியும் காத்திருக்க வேண்டும். உண்மையில் இன்னும் சற்றுக் கூடும். மேட்டூரில் திறந்த நீரின் ஒரு பங்கைக் காய்ந்து கிடக்கும் வாய்க்கால் குடித்த பிறகே கடைமடைக்கு மீதி வருவதுபோல, குளிர்ந்த குழாய்ச் சுவரும் முதலில் வரும் சூட்டை வாங்கிக்கொள்கிறது.

அப்படியானால் குறுகிய குழாயே நல்லதா என்றால், அதுவும் இல்லை. ஒரே அளவு நீர் பாயும்போது உராய்விழப்பு, அதாவது குழாய்ச் சுவரோடு உராய்வதால் குறையும் அழுத்தம், உள்விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்கு எதிர்விகிதமாக மாறுகிறது, 20 மி.மீ. இலிருந்து 15 மி.மீ. க்கு இறங்கினால் இழப்பு நான்கு மடங்கைத் தாண்டுகிறது. மேல்நிலைத் தொட்டியை நம்பும் வீட்டில் ஒரு மீட்டர் உயரத்துக்கு 0.1 பார் அழுத்தம்தான் கிடைக்கும். ஆகவே தொட்டியிலிருந்து கிடைக்கும் உயரம் குறைவாக உள்ள மாடிக் குளியலறைக்கு அகலக் குழாயும், கீழ்த்தளத்துக்குக் குறுகியதும் என்று முடிவுசெய்திருக்கிறேன். கடையில் சொல்லும் 'அரை இஞ்சு' உள்விட்டம் அல்ல என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். வெந்நீருக்குப் போடும் சிபிவிசி நெகிழிக் குழாயில் அதன் வெளிவிட்டமே 15.9 மி.மீ.தான்.

'டெட் லெக்' என்பதற்கு இன்னொரு பொருளும் உண்டு. தண்ணீர் திறக்கும் டேப்பை அகற்றிவிட்டு மூடி போட்டு அடைத்த, நீர் ஓடவே ஓடாத கிளையையும் அப்படியே அழைக்கிறார்கள். 20 முதல் 45 டிகிரி செல்சியஸ் வரையிலான நீரில் பெருகி நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமிக்கு அது ஏற்ற இடம் என்பதால், மருத்துவமனைகளில் அத்தகைய கிளைகளைத் தேடி வெட்டி எடுக்கிறார்கள். இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பது ஆங்கிலத்தில் நேர்ந்த குறை. அதை நாம் சுமக்க வேண்டியதில்லை. முட்டுச்சந்து என்ற சொல் நம்மிடம் இருக்க, இந்த அடைத்த கிளையை 'முட்டுக்குழாய்' என்றால் யாருக்கும் விளக்கவே வேண்டாம்.

'ஆறல்' மீது மறுப்பு இருந்தால் தயங்காமல் எழுதுங்கள். அடுத்த வாரம் சுவரில் காடி எடுக்கத் தொடங்குகிறார்கள். அதற்குள் வரைபடத்தில் ஒவ்வொரு கிளைக்கும் எதிரே ஆறல் நீளத்தை எழுதிக் கொடுத்துவிட எண்ணியிருக்கிறேன்.