கல்லூரிக் கூடைப்பந்தின் மாறிவரும் விதிகள்: அமெரிக்கக் கல்லூரி ஊர்களுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

டர்ஹம், சாப்பல் ஹில், லெக்சிங்டன், லாரன்ஸ், ஸ்டோர்ஸ், வெஸ்ட் லஃபாயெட். இப்படி ஓர் ஊருக்குப் படிக்கவோ வேலைக்கோ வந்து இறங்கியிருக்கிறீர்களா? நவம்பர் தொடக்கத்திலிருந்து ஏப்ரல் முதல் வாரம் வரை அங்கே எங்கே போனாலும் பேச்சு கல்லூரிக் கூடைப்பந்துதான். ஆய்வகத்திலும் அதே பேச்சு, பிள்ளையை அழைத்துவரப் போகும் பள்ளி வாசலிலும் அதே பேச்சு. நம்மவர்களில் பலர் அந்த ஐந்து மாதமும் வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார்கள். பனி உருகும்போதுதான் ஊரில் ஒருவரையும் தெரியாது என்று வருந்துகிறார்கள். அவர்களுக்காகவே இந்த இழை. ஓர் ஆட்டத்துக்காவது போய்வாருங்கள். முதலில் பெண்கள் ஆட்டத்துக்குப் போங்கள். ஏன் பெண்கள் ஆட்டம் என்பதற்கு விதிகளிலேயே காரணம் இருக்கிறது.

தமிழ்நாட்டில் பள்ளிக்கோ கல்லூரிக்கோ ஆடியவர்களுக்குத் தெரிந்தவை உலகக் கூடைப்பந்து அமைப்பான ஃபீபாவின் விதிகள். பத்து நிமிடங்களாக நான்கு பகுதிகள், பந்தை எறிய 24 வினாடி. அதே நினைப்பில் இங்கே ஆண்கள் ஆட்டத்தில் போய் உட்கார்ந்தால் குழப்பம்தான் மிஞ்சும். கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் ஆண்கள் ஆட்டம் இருபது நிமிடங்களாக இரண்டு பாதிகள்; பந்தை எறியத் தரும் நேரத்தைக் காட்டும் ஷாட் கிளாக் 30 வினாடி. தொழில்முறை என்.பி.ஏ.வில் பன்னிரண்டு நிமிடங்களாக நான்கு பகுதிகள், 24 வினாடி. ஒரே நாட்டில், ஒரே ஆட்டத்துக்கு இத்தனை கணக்கு. பெண்கள் கல்லூரி ஆட்டம் மட்டும் 2015-16 பருவத்தில் நான்கு பத்து நிமிடப் பகுதிகளுக்கு மாறிவிட்டது. நமக்குப் பழகிய ஆட்டத்துக்கு மிக அருகில் இருப்பது அதுதான்.

ஃபவுல் கணக்கிலும் இதே வேறுபாடு உண்டு. புதிதாகப் பார்ப்பவர்கள் அதிகம் திணறும் இடமும் இதுதான் என்பதால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெண்கள் ஆட்டத்தில் ஒரு பகுதிக்குள் எதிரணி ஐந்தாவது ஃபவுல் செய்தால் இரண்டு ஃப்ரீ த்ரோ, அதாவது யாரும் தடுக்காமல் கோட்டில் நின்று கூடைக்குள் எறியும் வாய்ப்பு. அடுத்த பகுதியில் கணக்கு மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். ஆண்கள் ஆட்டத்தில் பாதி முழுக்க ஃபவுல் சேர்ந்துகொண்டே போகும். ஏழாவது ஃபவுலில், முதல் ஃப்ரீ த்ரோ கூடைக்குள் விழுந்தால்தான் இரண்டாவது கிடைக்கும். பத்தாவதிலிருந்து இரண்டும் நிச்சயம். இந்த இடைக்கட்டத்தில்தான் கடைசி நிமிட நாடகம் எல்லாம் நடக்கும்.

ஆண்கள் ஆட்டத்தில் 40 வினாடி மிச்சம், ஓர் அணி நான்கு புள்ளி பின்தங்கியிருக்கிறது என்று வையுங்கள். முன்னணியில் இருப்பவர்கள் பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு 30 வினாடியை ஓட்டிவிடலாம். அதைத் தடுக்கப் பின்தங்கிய அணி வேண்டுமென்றே ஃபவுல் செய்யும், கடிகாரம் நிற்கும். எதிரணியில் ஃப்ரீ த்ரோவில் தடுமாறுபவர் யாரோ அவரைத் தேடிப் பிடித்துத்தான் செய்வார்கள். அவர் முதல் எறியைத் தவறவிட்டால் இரண்டாவது இல்லை. கூடையில் பட்டுத் திரும்பும் பந்தை (ரீபவுண்ட்) எடுத்து மறுமுனைக்கு ஓடலாம். ஃப்ரீ த்ரோ எறிபவர் கோட்டில் வந்து நின்று பந்தை இரண்டு மூன்று முறை தரையில் தட்டும்போது, எதிரே உள்ள கூடையின் பின்னால் மாணவர் கூட்டம் கைகளை ஆட்டிக் கூச்சலிட்டு அவர் கவனத்தைக் கலைக்கும். 40 வினாடி ஆட்டம் பத்து நிமிடம் இழுப்பது இதனால்தான். பக்கத்தில் இருப்பவர்கள் எழுந்து நிற்பதைப் பார்த்து ஆட்டம் முடிந்துவிட்டது என்று கிளம்பிவிடாதீர்கள்.

இரண்டு பேர் ஒரே நேரத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டால் மறுபடி பந்தை மேலே எறிய மாட்டார்கள். கணக்காளர் மேசையில் ஓர் அம்புக்குறி இருக்கும். அது எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்த அணிக்குப் பந்து. 1981-82 முதல் இருக்கும் ஏற்பாடு இது. ஐந்து ஃபவுல் செய்த ஆட்டக்காரர் வெளியே. இது நம் ஊர்க் கணக்கேதான்.

இந்த விதிகள் எங்கிருந்து வந்தன என்று தெரிந்துகொண்டால் ஊர்க்காரர்களோடு பேசுவது எளிது. வயதான ரசிகர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்தால், ஷாட் கிளாக் இல்லாத காலம் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். நேரம் போவதே தெரியாது. 1982 மார்ச்சில், கல்லூரிகள் சில சேர்ந்து ஆடும் அட்லாண்டிக் கோஸ்ட் கூட்டமைப்பின் இறுதியாட்டம். ஒரு பக்கம் முதலாண்டு மாணவராக மைக்கேல் ஜோர்டன் ஆடிய வட கரோலினா, மறுபக்கம் ரால்ஃப் சாம்ப்சனின் வர்ஜீனியா. நாட்டின் தலைசிறந்த இரண்டு அணிகள். முன்னிலை கிடைத்ததும் வட கரோலினா, பயிற்சியாளர் டீன் ஸ்மித்தின் பிரபலமான நான்கு மூலை உத்தியில், பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி நேரத்தைக் கடத்தியது. கூடையை நோக்கி எறியவே இல்லை. முடிவு 47-45. தேசியத் தொலைக்காட்சியில் இதைப் பார்த்தவர்கள் கொதித்துப் போனார்கள். அதன் பிறகு கூட்டமைப்புகள் ஒவ்வொன்றாக ஷாட் கிளாக்கைச் சோதித்துப் பார்த்தன. 1985-86இல் ஆண்கள் ஆட்டம் முழுவதற்கும் 45 வினாடி வந்தது. 1993-94இல் அது 35 ஆகி, 2015-16இல் 30க்கு இறங்கியது. 1985 ஏப்ரலில் வில்லனோவா ஜார்ஜ்டவுனை 66-64 என்று வீழ்த்தியதுதான் ஷாட் கிளாக் இல்லாமல் நடந்த கடைசித் தேசிய இறுதியாட்டம். அன்று வில்லனோவா எறிந்த 28இல் 22 உள்ளே விழுந்தன. பொறுமையாகக் காத்திருந்து எறிந்ததன் பலன் அது. பழைய முறைக்கு ஏங்குபவர்கள் இன்றும் அந்த ஆட்டத்தைத்தான் சாட்சிக்கு இழுப்பார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு.

ஆனால் பெண்கள் ஆட்டத்தில் 1970களிலேயே 30 வினாடி ஷாட் கிளாக் இருந்தது. அதே எண்ணுக்கு ஆண்கள் வந்து சேர 2015 ஆயிற்று. பெண்கள் எல்லாவற்றிலும் முந்திக்கொண்டார்கள் என்று சொல்ல மாட்டேன். பத்து வினாடிக்குள் பந்தை நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுபோக வேண்டும் என்ற விதி அவர்களுக்கு 2013-14இல்தான் வந்தது. மூன்று புள்ளிக் கோட்டிலும் ஆண்கள் முந்தினார்கள்: 1986-87இல் 19 அடி 9 அங்குலத்தில் போட்ட கோடு 2008இல் ஓர் அடி பின்னுக்குப் போனது, 2019-20இல் ஃபீபா அளவான 22 அடி 1¾ அங்குலத்துக்கு நகர்ந்தது. பெண்கள் அந்த அளவுக்கு இரண்டு ஆண்டு கழித்து வந்தார்கள். ஆயினும் ஆட்டம் தடைபடாமல் ஓட வேண்டும் என்ற அக்கறை பெண்கள் ஆட்ட விதிகளில்தான் கூடுதலாகத் தெரிகிறது. இதை நான் மனதார நம்புகிறேன்.

டங்க் தடையையும் சொல்லியாக வேண்டும். 1967இல் கலிஃபோர்னியாவின் யு.சி.எல்.ஏ. பல்கலைக்கழகம் ஓர் ஆட்டமும் தோற்காமல் சாம்பியன் ஆனது. அதன் நடுநாயகம் லூ அல்சிண்டர். பின்னாளில் கரீம் அப்துல் ஜப்பார். அந்தப் பருவம் முடிந்ததும் பந்தை மேலிருந்து கூடைக்குள் அழுத்துவதையே தடைசெய்தார்கள். காயம், கூடை உடைதல் என்று காரணங்கள் சொல்லப்பட்டன. கறுப்பின ஆட்டக்காரர்களைக் குறிவைத்த விதி இது என்பது அல்சிண்டரின் கருத்து. தடை 1976-77 பருவம் வரை நீங்கவில்லை. இன்று ஒரு டங்க் விழுந்தவுடன் அரங்கமே எழுந்து ஆர்ப்பரிக்கிறது. அன்று அதற்குத் தண்டனை. விதிப்புத்தகம் அந்தந்தக் காலத்தின் மனத்தையும் சேர்த்தே சுமந்து வந்திருக்கிறது.

லாரன்ஸ் பக்கம் இருப்பவர்கள் ஒரு நாள் கான்சஸ் பல்கலைக்கழகத்தின் டிப்ரூஸ் மையத்துக்குப் போங்கள். 1891இல் மாசசூசெட்ஸ் மாநிலம் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் வகுத்த 13 விதிகளின் மூலத்தாள்கள் அங்கே கண்ணாடிக்குள் இருக்கின்றன. மொத்தம் இரண்டே தாள்கள். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடக் கூடாது என்பது அதிலேயே இருக்கிறது. பிள்ளைகளைக் கட்டாயம் அழைத்துப் போங்கள்.

2025-26இல் ஆண்கள் ஆட்டத்துக்கு வந்த மாற்றங்கள் இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும். முதலாவது, பயிற்சியாளர் நடுவரின் முடிவை எதிர்த்து வீடியோ மறுபரிசீலனை கேட்கலாம். கையில் டைம் அவுட் மிச்சம் இருந்தால்தான் கேட்க முடியும். பந்து யார் கை பட்டு வெளியே போனது, கூடைக்கு மேல் பந்தைச் சட்டவிரோதமாகத் தொட்டார்களா, கூடைக்குக் கீழே உள்ள வில்வளைவுக்குள் உதவிக்கு வந்த தடுப்பாளர் நின்றாரா, இவற்றுக்கு மட்டும். கேட்டது சரி என்றால் இன்னொரு வாய்ப்பு. தவறு என்றால் அவ்வளவுதான். பந்து வெளியே போனதை நடுவர்களே போய்த் திரையில் பார்த்துக்கொண்டிருந்த பழைய வழக்கத்துக்கு இதோடு முற்றுப்புள்ளி. கடைசி இரண்டு நிமிடம் திரைக்கு முன்னாலேயே கழிந்துகொண்டிருந்த வேதனைக்கு இது நல்ல மருந்து. பெண்கள் ஆட்டத்தில் பயிற்சியாளர் முறையீடு ஒரு பருவம் முன்பே வந்துவிட்டது. இரண்டாவது, கூடையை நோக்கிப் பாய்கிறவர் பந்தைத் தட்டுவதை முடித்துக் கையில் எடுத்த பிறகு ஃபவுல் செய்யப்பட்டால், எடுத்த அடியை முடித்து எறியலாம், விழுந்தால் புள்ளி உண்டு. முன்பு பல நேரம் அந்தக் கூடை செல்லாது என்றுவிடுவார்கள்.

என்னிடம் வந்த கேள்விகளுக்கு வருகிறேன்.

ஆண்கள் ஆட்டமும் நான்கு பகுதிகளுக்கு மாறுமா என்று ஒரு தங்கை கேட்டிருக்கிறார். விதிக் குழுவில் அந்தப் பேச்சு 2025இலும் ஆதரவோடு எழுந்தது. தடையாக நிற்பது பெரும்பாலும் தொலைக்காட்சி விளம்பர இடைவேளைக் கணக்கு. இப்போது ஒவ்வொரு பாதியிலும் 16, 12, 8, 4 நிமிடம் மிச்சமிருக்கும் இடங்களை ஒட்டி ஆட்டம் விளம்பரத்துக்கு நிற்கிறது. பகுதி முறைக்கு மாறினால் இதையெல்லாம் புதிதாகப் பேசி முடிக்க வேண்டும். மாற வேண்டும் என்பதுதான் என் ஆசை.

போன ஆண்டு கைதட்டிய ஆட்டக்காரர் இந்த ஆண்டு எதிரணிச் சட்டையில் நிற்கிறாரே, எப்படி என்று ஒரு தம்பி கேட்டார். முன்பெல்லாம் கல்லூரி மாறினால் ஓராண்டு சும்மா உட்கார வேண்டும். 2021 ஏப்ரலில் ஒருமுறை மட்டும் உட்காராமல் மாறலாம் என்றார்கள். நீதிமன்ற வழக்குகளுக்குப் பிறகு, 2024 முதல் படிப்பில் தகுதி இருந்தால் எத்தனை முறையும் மாறலாம். பணமும் சேர்ந்துகொண்டது. 2021 ஜூலை 1 முதல் மாணவர்கள் தங்கள் பெயரையும் படத்தையும் விளம்பரத்துக்குக் கொடுத்துச் சம்பாதிக்கலாம். 2025 ஜூனில் நீதிபதி கிளாடியா வில்கென் ஒப்புதல் அளித்த வழக்குச் சமரசத்தின்படி கல்லூரியே நேரடியாகப் பணம் தரலாம்; முதல் ஆண்டுக்கு ஒரு கல்லூரிக்கு எல்லா விளையாட்டுகளும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2 கோடியே 5 லட்சம் டாலர். இத்தனை காலம் இவர்கள் உழைப்பில் பிறர் சம்பாதித்தார்கள். இவர்களுக்கும் ஒரு பங்கு சேர்வது நியாயமே. ஓர் அணியின் முகங்களை நான்கு ஆண்டு தொடர்ந்து பார்த்துப் பழகும் சுகம் குறைந்துபோனது மட்டும் எனக்கு உண்மையான வருத்தம்.

பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டம் வருமா என்ற கேள்விக்கு ஒரு புள்ளிவிவரம் போதும். 2024 பெண்கள் இறுதியாட்டத்தில் தென் கரோலினா, கெய்ட்லின் கிளார்க்கின் ஐயோவாவை 87-75 என்று வென்றதைத் தொலைக்காட்சியில் பார்த்தவர்கள் சுமார் 1 கோடியே 89 லட்சம் பேர். ஆண்கள் இறுதியாட்டத்துக்கு 1 கோடியே 48 லட்சம். ஆனாலும் பெரும்பாலான ஊர்களில் பெண்கள் ஆட்ட டிக்கெட் இன்னும் மலிவு. ஆடுகளத்துக்கு அருகிலேயே உட்காரலாம், கைக்குழந்தையோடு போகலாம். ஸ்டோர்ஸ், தென் கரோலினாவின் கொலம்பியா போன்ற ஊர்கள் விதிவிலக்கு. அங்கே முன்கூட்டியே வாங்குங்கள். பல அரங்குகளில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் பையைத்தான் அனுமதிப்பார்கள், முதுகுப்பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உங்கள் கல்லூரியில் மாணவர் அட்டைக்குச் சலுகை உண்டா என்று பாருங்கள்.

பிள்ளைகள் நன்றாக ஆடுகிறார்கள், கல்லூரி அணியில் சேர முடியுமா என்று கேட்ட பெற்றோருக்கு: மேலே சொன்ன 2025 சமரசத்தை ஏற்ற கல்லூரிகளில் கூடைப்பந்து அணிக்கு 15 பேர் என்று வரம்பு வந்திருக்கிறது. உதவித்தொகை இல்லாமல் அணியோடு ஒட்டிக்கொண்டு பயிற்சி பெறும் இடங்கள் இதனால் சுருங்கிவிட்டன. என்.சி.ஏ.ஏ. தகுதி மையத்தில் பதிவு, பள்ளிப் பாடங்களின் கணக்கு ஆகியவற்றை ஒன்பதாம் வகுப்பிலிருந்தே கவனியுங்கள்.

விசா விஷயத்தில் மட்டும் மிகுந்த எச்சரிக்கை தேவை. எஃப்-1 மாணவர் விளையாட்டு உதவித்தொகை பெறுவதில் சிக்கல் இல்லை. விளம்பரத்தில் தோன்றுவது, கையெழுத்து போட்டுக் காசு வாங்குவது ஆகியவை அனுமதியில்லாத வேலையாகக் கருதப்பட்டு விசாவுக்கே ஆபத்தாகலாம். பர்டியூ பல்கலைக்கழகத்தின் ஜாக் எடி இரண்டு முறை நாட்டின் சிறந்த வீரர் விருது பெற்றவர். கனடாக்காரர் என்பதால், உடன் ஆடியவர்களைப் போல அவரால் தாராளமாகச் சம்பாதிக்க முடியவில்லை. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்து வந்த குடும்பத்தினருக்கான எச்-4 விசாவில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கும் வேலை அனுமதி கிடையாது. பல மாநிலங்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களுக்கே இத்தகைய ஒப்பந்தங்களை அனுமதிப்பதால், உள்ளூர்க் கடை ஒன்று அன்போடு நூறு டாலர் நீட்டும் சூழல் உங்கள் வீட்டிலும் வரலாம். வாங்குவதற்கு முன் குடியேற்ற வழக்கறிஞரிடம் கேளுங்கள். கல்லூரியில் படிப்பவர்கள் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் எழுத்து வடிவில் பதில் பெறுங்கள். அணியின் பயிற்சியாளர் சரி என்று சொன்னது இங்கே செல்லாது.